தோற்றது கோச்சா, மேனேஜ்மெண்டா?

ஒரு டீம் தொடர்ந்து தோற்றால் முதலில் யார் தலை உருளும்? கோச் தலைதான். கிரிக்கெட், கால்பந்து, கூடைப்பந்து, எதுவானாலும் இதுதான் வழக்கம். மொத்த டீமையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. சங்கத் தலைவர் தன்னைத்தானே நீக்கிக்கொள்ளப் போவதில்லை. மிச்சம் இருப்பது ஒரே ஆள் :)

எங்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டால் 'வொய்-வொய் அனாலிசிஸ்' பற்றிச் சொல்வார்கள். டொயோட்டாவில் தொடங்கிய பழக்கம். லைனில் ஒரு பார்ட் ரிஜெக்ட் ஆனால், 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதி ஃபைலை மூடிவிடக் கூடாது. ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஆளை மாற்றிய பிறகும் அதே ரிஜெக்ட் வந்தால், கோளாறு ஆளிடம் இல்லை.

இதே கேள்வியை இந்திய ஹாக்கியிடம் கேட்டுப் பார்க்கலாம். ஏன் ஹாக்கி என்றால், அங்கே கோச்சையும் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், மேனேஜ்மெண்டையும் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கினோம். அது எட்டாவது ஹாக்கி தங்கம். அதற்குப் பிறகு ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரு பதக்கம் கிடைக்க 41 வருடம் ஆனது.

1994-ல் கே.பி.எஸ். கில் இந்திய ஹாக்கி சம்மேளனத்தின் தலைவர் ஆனார். 2008 வரை அவரேதான். அந்தக் காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட கோச்கள் வந்து போனார்கள். தோற்றதற்காக மட்டும் போனார்கள் என்று நினைத்தால் தப்பு. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் எம்.கே. கௌஷிக் பயிற்சியில், தன்ராஜ் பிள்ளை தலைமையில், 32 வருடங்களுக்குப் பிறகு தங்கம் வென்றோம். பரிசு என்ன தெரியுமா? கௌஷிக் நீக்கப்பட்டார். தன்ராஜ் உட்பட முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் அடுத்த தொடருக்குச் சேர்க்கப்படவில்லை. 'ஓய்வு' கொடுத்தார்களாம்!

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் இருக்கும்போது கோச் ராஜிந்தர் சிங்கைத் தூக்கிவிட்டு, ஜெர்மனியின் கெர்ஹார்ட் ராக்கைக் கொண்டுவந்தார்கள். ஏழாவது இடம். பரீட்சைக்கு முந்தின வாரம் வாத்தியாரை மாற்றினால் என்ன மார்க் வரும்?

2007 செப்டம்பரில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆசியக் கோப்பை. இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 7-2 என்று நொறுக்கினோம். கோச் ஜோக்கிம் கார்வால்ஹோ. ஆறே மாதம் கழித்து, 2008 மார்ச்சில் சிலி நாட்டின் சாண்டியாகோவில் நடந்த தகுதிச் சுற்று இறுதி ஆட்டத்தில் பிரிட்டனிடம் 0-2 தோல்வி. 1928-லிருந்து ஆடிவந்த ஒலிம்பிக் ஹாக்கிக்கு முதல் முறையாகத் தகுதி பெறவில்லை. கார்வால்ஹோ ராஜினாமா செய்தார். கில் செய்யவில்லை. அடுத்த மாதம் சம்மேளனத்தின் செயலாளர் மீது, ஆளைச் சேர்க்கப் பணம் வாங்கியதாகத் தொலைக்காட்சியில் குற்றச்சாட்டு எழுந்தது. அதன் பிறகுதான் இந்திய ஒலிம்பிக் சங்கம் சம்மேளனத்தையே இடைநீக்கம் செய்தது.

இது ஹாக்கிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 2014-ல் ஸ்காட் ஃப்ளெமிங் பயிற்சியில் நம் கூடைப்பந்து அணி, சீனாவை அதன் சொந்த மண்ணிலேயே 65-58 என்று வென்றது. அடுத்த வருடமே சம்மேளனம் இரண்டு கோஷ்டியாகி, இரண்டு தேர்தல் நடந்தது.

சரி, அப்படியானால் கோச்சுக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. சாண்டியாகோவில் தொடக்கத்திலேயே இரண்டு கோல் வாங்கினோம். அன்றைய தயாரிப்புக்கு கோச்தான் பதில் சொல்ல வேண்டும். 2009-ல் ஹாக்கி இந்தியா என்ற புது அமைப்பு வந்த பிறகும், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எல்லா ஆட்டத்திலும் தோற்று 12-வது, அதாவது கடைசி இடம். "மேனேஜ்மெண்டை மாற்றினால் போதும்" என்பவர்களுக்கு இது பெரிய அடி.

ஆனால் இங்கேதான் இன்னொரு 'ஏன்' கேட்க வேண்டும். மாறியது பெயர்ப் பலகைதான், பழக்கம் மாறவில்லை. 2010 ஜனவரியில், டெல்லி உலகக் கோப்பைக்குச் சில வாரங்கள் முன்பு, புனே முகாமில் ஆட்டக்காரர்கள் சம்பள பாக்கிக்காகப் பயிற்சியைப் புறக்கணித்தார்கள். 2014-ல் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கித் தந்த டெர்ரி வால்ஷ் சில வாரங்களில் விலகினார். 2015-ல் பால் வான் ஆஸ், 2017-ல் ரோலண்ட் ஓல்ட்மன்ஸ் என்று வரிசையாக நீக்கம்.

இதில் சுவாரசியமான ஆள் ஷோர்ட் மரீனே. 2017-ல் ஆண்கள் அணிக்கு கோச் ஆனார். ஒரு வருடம்கூட முடியாமல் மாற்றிவிட்டார்கள். பெண்கள் அணிக்குப் போனார், அங்கே மூன்று வருடம் விட்டுவைத்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பெண்கள் நான்காவது இடம்! அதே கோச், கிடைத்த அவகாசம்தான் வேறு.

ஆண்கள் அணியும் அப்படியே. 2018-லிருந்து ஒடிசா அரசின் ஸ்பான்சர் பணம் வந்தது. 2019-ல் வந்த கிரஹாம் ரீடுக்கு அவகாசம் கிடைத்தது. 2021-ல் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம்.

என் முடிவு இதுதான். ஒரு ஆட்டம் தோற்றால் கோச்சைக் கேளுங்கள். ஒரு தொடர் தோற்றால் இரண்டு பேரையும் கேளுங்கள். பத்து கோச் மாறியும் தோற்றால் மேனேஜ்மெண்டை மட்டும் கேளுங்கள்.

நல்ல மேனேஜ்மெண்டுக்கு ஒரு அடையாளமும் உண்டு. அங்கே கோச் மாறினாலும் டீம் உடையாது. 2023 ஜனவரியில் உலகக் கோப்பையில் சறுக்கியதும் ரீட் விலகினார், கிரெய்க் ஃபுல்டன் வந்தார். சில மாதங்களில், அதே எழும்பூர் ஸ்டேடியத்தில், ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டத்தில் 1-3 என்று பின்தங்கியிருந்து மலேசியாவை 4-3 என்று வென்றோம். 2007-ல் அங்கே ஜெயித்த டீம் ஆறு மாதத்தில் சரிந்தது. 2023-ல் அங்கே ஜெயித்த டீம் அடுத்த வருடம் பாரிஸிலிருந்து இன்னொரு வெண்கலத்தோடு திரும்பி வந்தது.