ஓல்டாமுக்குச் சென்ற 282 பெண்கள்



மணமாகிச் சில ஆண்டுகள் கழிந்தும் மடியிற் குழந்தை தவழாவிடின், அயலாரின் கேள்வி பெண்ணை நோக்கியே எழுகின்றது. ‘மலடி’ என்னும் கொடுஞ்சொல்லைக் கூசாது வழங்கிய நாம், ஆணை நோக்கி அவ்வாறு எளிதிற் பேசியதில்லை. நெடுங்காலம் காத்திருந்து, பின்னர் மருத்துவரை நாடி முதற்படி ஏறுவோருக்கு எத்துணைத் துணிவு வேண்டும் என்பதை விளக்கும் வரலாறு ஒன்றை இன்று கூற விழைகின்றேன்.

இங்கிலாந்தின் வடபகுதியில், பஞ்சாலைகளாற் புகழ்பெற்ற நகரம் ஓல்டாம். அங்கே மகப்பேற்று மருத்துவராக விளங்கியவர் பற்றிக் ஸ்டெப்டோ. வயிற்றை அகலக் கீறாமல், சிறு துளையினூடே ஒளிக்குழலைச் செலுத்தி உள்ளுறுப்புகளைக் காணும் முறையில் அவர் வல்லவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர் றொபேட் எட்வேட்ஸ், மனித முட்டையை உடலுக்கு வெளியே கருக்கட்டச் செய்யும் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். தாதியாகப் பயின்ற ஜீன் பேர்டி அம்மையார் 1968ஆம் ஆண்டில் அவரது ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். இம்மூவரும் ஒன்றிணைந்தனர்.

சூலகத்தில் முதிரும் முட்டை, கருக்குழாயில் ஆணின் விந்தணுவைச் சந்தித்து, பின்னரே கருப்பையை அடைகின்றது. அக்குழாய்கள் இரண்டும் அடைபட்டிருப்பின் அச்சந்திப்பு நிகழாது. முட்டையை வெளியே எடுத்து, கண்ணாடித் தட்டிற் கருக்கட்டச் செய்து, கருப்பையிற் சேர்த்தால் என்ன என்பதே அவர்களின் எண்ணம். 1971ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திடம் அவர்கள் பொருளுதவி வேண்டினர், அது மறுக்கப்பட்டது. மக்கட்பெருக்கம் குறித்து உலகம் அஞ்சிய அக்காலத்தில், மகப்பேறின்மை பெருங்குறையாகக் கருதப்படவில்லை. ஊர் நிறைந்திருப்பதனால் வெறுமையான ஒரு வீடு நிறைந்துவிடுமா?

1969 முதல் 1978 வரை 282 பெண்கள் இம்முயற்சிக்குத் தம்மை ஒப்படைத்தனர். ஏமாற்றமுற்றும் மீண்டும் வந்தோர் பலர். அவர்களுள் ஐவரே கருவுற்றனர். இருவரே உயிருடன் குழந்தை பெற்றனர்.

அவ்விருவருள் முதல்வர் பிறிஸ்டல் நகரத்து லெஸ்லி பிறவுண். கருக்குழாய் அடைப்பினால் ஒன்பது ஆண்டுகள் மகப்பேறின்றி வருந்தியவர். 1977ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவரிடமிருந்து ஒரேயொரு முட்டை எடுக்கப்பட்டது. அது கருவாகி எட்டுக் கலங்களாகப் பிரிந்தபின் கருப்பையிற் சேர்க்கப்பட்டது. 1978ஆம் ஆண்டு யூலை 25ஆந் திகதி நள்ளிரவை அண்மிய வேளையில், 5 இறாத்தல் 12 அவுன்சு நிறையுடன் லூயிஸ் என்னும் பெண்மகவு பிறந்தது. ‘பரிசோதனைக்குழாய்க் குழந்தை’ என்று உலகம் வியந்தது. உண்மையில் அங்கே பயன்பட்டது குழாயன்று, தட்டே. 1982ஆம் ஆண்டில் இம்முறையாலேயே பிறந்த லூயிஸின் தங்கை நற்றலி, 1999இல் இயற்கையாகவே தாயானார். இவ்வாறு பிறந்தோர் தாய்மை எய்துவரோ என்ற ஐயம் அதனால் நீங்கியது.

எட்வேட்ஸ் 2010ஆம் ஆண்டில் நொபெல் பரிசு பெற்றார். பேர்டி 1985இலும் ஸ்டெப்டோ 1988இலும் மறைந்துவிட்டமையால், அப்பரிசிற் பங்குபெற இயலவில்லை. பேர்டியின் பெயர் நினைவுப் பலகையில் விடுபட்டபோது, அதனை எதிர்த்து எழுதியவர் எட்வேட்ஸே.

ஆனால் எஞ்சிய 280 பெண்களை எந்தப் பலகை நினைவுகூரும்? அவர்கள் வெறுங்கையுடன் வீடு திரும்பினர். எனினும் எப்போது முட்டையை எடுப்பது, எவ்வாறு கருவைப் பேணுவது என்பவற்றை மருத்துவர் கற்றது அவர்தம் உடல்களிலிருந்தே. அதன்பின் உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் இம்முறையாற் பிறந்துள்ளனர்.

நேயர்களே, இன்றும் இச்சிகிச்சை எல்லோருக்கும் கைகூடுவதில்லை. குறை ஆணிடமும் இருக்கலாம், பெண்ணிடமும் இருக்கலாம். ஆதலின் இருவரும் சேர்ந்தே மருத்துவரிடம் செல்லுதல் முறை. அவ்வாறு செல்வோர் நம் வீட்டிலோ அயலிலோ இருப்பின், “இன்னும் விசேஷம் இல்லையா?” என்று வினவாதிருப்போம். அதுவே நாம் அவர்களுக்குச் செய்யக்கூடிய முதல் உதவி.