தொலைபேசியும் ஒலிபெருக்கியும்

முந்திரி பூக்கும் பருவம் வந்துவிட்டால் நம்ம முத்தாண்டிக்குப்பம் பக்கம் கைபேசிக் குழுக்களில் ஒரே பேச்சுதான். தளிரில் கொசு நாவாய்ப்பூச்சி தெரிகிறது, என்ன செய்யலாம் என்று ஒருவர் கேட்பார். ஏழு பேர் பதில் சொல்வார்கள். அந்த ஏழில் இரண்டு, தோப்பில் செய்து பார்த்தவர் சொன்னது. மீதி ஐந்து, எங்கிருந்தோ வந்ததை அப்படியே தள்ளிவிட்டது. பேரப்பிள்ளைகள் இதைப் புதுப் பழக்கம் என்கிறார்கள். கருவிதான் புதிது. பழக்கம் நம் வயதுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான்.

1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற புது நெல் வந்தது. திருச்சி வானொலியில் அதைப் பற்றிக் கேட்டுப் பயிரிட்டவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் வானொலி சொன்ன மறுநாளே எல்லோரும் விதைத்துவிடவில்லை. முதலில் நட்டவரின் வயலை வரப்பில் நின்று பார்த்து, அவரிடம் நாலு கேள்வி கேட்ட பிறகே மற்றவர்கள் நட்டார்கள். சேதியைத் தந்தது வானொலி. நம்பிக்கையைத் தந்தவர் பக்கத்து வயல்காரர்.

இதே வேலையைக் கணினி வைத்துச் செய்து பார்த்தது நமக்கு மிகவும் பக்கத்தில்தான். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் நடு மையம். அங்கிருந்து தொலைபேசி வழியாகவும் கம்பியில்லா ஒலிக்கருவி வழியாகவும் ஊர்களுக்குத் தகவல் போகும், ஊர்களிலிருந்தும் திரும்பி வரும். ஊர் மக்கள் கேட்டால்தான் மையம். இடத்தையும் ஊரே தர வேண்டும். எந்தச் சாதியார் வந்தாலும் கதவு திறந்திருக்க வேண்டும். எம்பலத்தில் கோயில் இடத்திலேயே மையம் அமைந்தது. நடத்தியவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். மாட்டு வைத்தியர் எங்கே இருப்பார், தானியம் என்ன விலை, எந்த அரசுத் திட்டத்துக்கு யாரிடம் மனுக் கொடுப்பது, இப்படி அன்றாடம் தேவைப்படுகிற தகவல்கள்தான் அங்கே கிடைத்தன.

மீனவர்களுக்குத் தேவை வேறு. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலின் அலை உயரம் வரும். அதை வில்லியனூரில் எடுத்துக் கடலோர ஊர்களுக்கு அனுப்புவார்கள். ஊரில் ஒலிபெருக்கி வைத்துத் தமிழில் சொல்வார்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவர் காதிலும் விழும்.

இந்த ஏற்பாடு இருந்த ஊர்களில் ஒன்று நல்லவாடு. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில், கடலோரத்தில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை, சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் ஊருக்குள் வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள். உடனே எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறச் சொன்னார். ஊரார் மையத்தை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஆனால் சுமார் 3,600 பேர் உயிர் தப்பினார்கள். அதே காலையில் நம் கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்கள் 600-க்கும் மேல்.

அன்று மேலேயிருந்து எந்த எச்சரிக்கையும் வரவில்லை. சொன்னவர் அந்த ஊர்ப் பிள்ளை. ஒலித்தது தினமும் கேட்டுப் பழகிய ஒலிபெருக்கி. அதனால்தான் யாரும் நின்று யோசிக்கவில்லை, ஓடினார்கள். அன்றாடம் அலை உயரத்தைச் சரியாகச் சொல்லிச் சொல்லிச் சேர்த்து வைத்த நம்பிக்கை, அந்த ஒரு காலையில் கைகொடுத்தது.

அந்த ஏற்பாட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அதை நாம் தானே புயலில் நேரில் பார்த்தோம். 2011 டிசம்பர் 30 காலை அடித்த காற்றில் தலைமுறை தலைமுறையாகக் காய்த்த முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கைபேசி இருந்தவர்களுக்கும் அதில் உயிர் ஏற்ற வழியில்லை. அந்த நாட்களில் சேதி நடந்துதான் போயிற்று. எந்தக் கிணற்றில் தண்ணீர் இறைக்க டீசல் இன்ஜின் இருக்கிறது, நிவாரணத்துக்கு என்ன காகிதம் வேண்டும் என்பதெல்லாம் வாய்வழியாகத்தான் பரவியது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் ஒட்டுக்கன்றுகளை வைத்தால் மூன்றாம் ஆண்டிலிருந்து காய் பார்க்கலாம் என்பதையும், முன்பே வைத்திருந்தவர் சொல்லித்தான் பலர் தைரியமாக நட்டார்கள்.

ஆகவே நம் குழுக்களில் இருப்பவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஒரு யோசனையை எழுதும்போது, ‘நான் செய்து பார்த்தேன்’ அல்லது ‘கேள்விப்பட்டதுதான்’ என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதுங்கள். இரண்டாவது, மின்சாரமும் கோபுரமும் இல்லாத நாளில் உங்கள் தெருவில் யார் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும் வயதானவர்களின் வீடு அந்தப் பட்டியலில் முதலில் இருக்கட்டும்.