குடும்ப அட்டை: திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் வட்டாரத்தில் உணவுப் பங்கீட்டின் வரலாறு

குடும்ப அட்டை (ரேஷன் கார்டு) தமிழ்நாட்டில் பொது விநியோகத் திட்டத்தின் கீழ் அரிசி, சர்க்கரை, கோதுமை, துவரம் பருப்பு, பாமாயில் போன்ற பொருட்களைப் பெறுவதற்காக ஒரு குடும்பத்துக்கு அரசு வழங்கும் ஆவணம். இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பங்கீட்டு முறையில் இதன் தொடக்கம் உள்ளது. தமிழ்நாட்டில் இப்போது 2 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் புழக்கத்தில் உள்ளன. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் 11 வட்டங்களில் ஒவ்வொன்றிலும் அட்டை தொடர்பான விண்ணப்பங்களை வட்ட வழங்கல் அலுவலர் பரிசீலிக்கிறார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஸ்ரீரங்கம் அவ்வட்டங்களில் ஒன்றின் தலைமையிடம்.

உணவு பெற வருபவர் எதை நிரூபிக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் வேறு விடை அளித்தது. பஞ்ச காலத்தில் பசியையும், போர்க்காலத்தில் வசிப்பிடத்தையும், 1990களுக்குப் பின் வருமானத்தையும், 2020க்குப் பின் விரல் ரேகையையும் நிரூபிக்க வேண்டியிருந்தது.

பஞ்ச கால நிவாரணம்

1876–78 பெரும்பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தின் வறண்ட மாவட்டங்கள் பேரழிவைச் சந்தித்தன. காவிரிப் பாசனம் பெற்ற பகுதிகள் ஓரளவு தப்பின. அன்று நிவாரணம் இரு வகைப்பட்டது. உடல் வலுவுள்ளோர் சாலை, குளம் வெட்டும் நிவாரணப் பணிகளில் வேலை செய்து கூலி பெற்றனர். முதியோர், நோயாளிகள், குழந்தைகள் கஞ்சித் தொட்டிகளில் உணவு பெற்றனர். வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் நாள்கூலியாகப் போதும் என்று பரிந்துரைத்தார். இக்கூலி உயிர்வாழப் போதாது என்று கண்டிக்கப்பட்டது. வீட்டிலிருந்து தொலைவிலுள்ள பணியிடத்துக்கு வரச் சம்மதிப்பவரே உண்மையில் பசித்தவர் என்ற கருத்தும் அன்றைய நிர்வாகத்தில் இருந்தது. நடக்க முடியாத அளவுக்கு நலிந்தவரே இச்சோதனையில் முதலில் தோற்றார்.

1880-ன் பஞ்ச ஆணையத்துக்குப் பின் மாகாணங்களுக்குப் பஞ்ச விதித்தொகுப்புகள் வந்தன. உழைக்க இயலாதோரின் பெயர்களைக் கிராமந்தோறும் பட்டியலிடும் முறை அவற்றில் இடம்பெற்றது. உணவு உதவிக்கு அதிகாரி ஒருவர் எழுதும் பெயர்ப்பட்டியல் அடிப்படையாக அமைந்தது இக்காலத்திலிருந்துதான்.

போர்க்காலப் பங்கீடு

1942-ல் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. 1943-ல் வங்கப் பஞ்சம் நேர்ந்தது. அவ்வாண்டு கூடிய உணவு தானியக் கொள்கைக் குழு, ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் பங்கீடு கொண்டுவரப் பரிந்துரைத்தது. 1941 கணக்கெடுப்பில் திருச்சிராப்பள்ளி நகரின் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. சென்னையில் 1943-ல் தொடங்கிய பங்கீடு பின்னர் மாகாணத்தின் பிற நகரங்களுக்கும் விரிந்தது.

பங்கீட்டு அட்டையில் குடும்பத் தலைவர் பெயர், முகவரி, உறுப்பினர் எண்ணிக்கை ஆகியவை இருந்தன. பணக்காரரும் ஏழையும் ஒரே அளவு பெறுவதே இம்முறையின் கொள்கை என்பதால் வருமானம் கேட்கப்படவில்லை. பிரிட்டனில் 1940 முதல் 1954 வரை நடந்த உணவுப் பங்கீடும் இதே கொள்கையைப் பின்பற்றியது. போர்க்காலத்தில் ரயில்வே நிர்வாகங்கள் தம் தொழிலாளர்களுக்குத் தனியாகத் தானியக் கடைகள் நடத்தின. பொன்மலை ரயில்வே பணிமனையைக் கொண்ட திருச்சிராப்பள்ளியில் தானிய விலையும் கூலியும் ஒரே பேச்சாக இருந்த காலம் அது.

அரசு ஆவணங்கள் ‘பங்கீடு’, ‘நியாய விலைக் கடை’, ‘குடும்ப அட்டை’ என்று எழுதினாலும் மக்கள் வழக்கில் ‘ரேஷன்’ என்ற சொல்லே நிலைத்தது. இலங்கைத் தமிழில் ‘கூப்பன்’, ‘சங்கக் கடை’ ஆகியவை இதற்கு இணையான சொற்கள். அங்கு பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதை எதிர்த்து 1953 ஆகஸ்ட் 12 அன்று ஹர்த்தால் நடந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக அது காரணமானது.

கட்டுப்பாடு நீக்கமும் படி அரிசியும்

1947 டிசம்பரில் உணவுக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. விலை ஏறியதால் 1948-ல் மீண்டும் கொண்டுவரப்பட்டன. 1952-ல் முதலமைச்சரான ராஜாஜி அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சென்னை மாகாணத்தில் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் இதை ஆதரித்தார்.

1960களின் நடுவில் ஏற்பட்ட பற்றாக்குறை பங்கீட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. 1965-ல் இந்திய உணவுக் கழகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது திமுகவின் முழக்கமாக இருந்தது. ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கப்பட்டது. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. இன்றுள்ள அட்டை முறைக்கான சட்ட அடிப்படையை அளித்தது, அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் 1982-ல் வெளியான மாநில ஆணை.

நிர்வாக அமைப்பு

தமிழ்நாட்டின் பொது விநியோகம் மூன்று கைகளில் உள்ளது. அட்டை வழங்குவதும் திருத்துவதும் உணவுப்பொருள் வழங்கல் துறையின் பொறுப்பு. மாவட்டத்தில் ஆட்சியரின் கீழ் மாவட்ட வழங்கல் அலுவலரும், வட்டத்தில் வட்ட வழங்கல் அலுவலரும் இதைக் கவனிக்கின்றனர். நெல் கொள்முதல், கிடங்கு, கடைக்குப் பொருள் அனுப்புதல் ஆகியவை நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் பணி. கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. அவற்றின் விற்பனையாளர்கள் கூட்டுறவுத் துறையின் மேற்பார்வையில் வருகின்றனர்.

இதனால் ஒரே குறை மூன்று அலுவலகங்களுக்கு உரியதாகலாம். அரிசி தரமில்லை என்பது கிடங்கைச் சார்ந்த புகார். கடை திறக்கவில்லை என்பது சங்கத்தைச் சார்ந்தது. பெயர் விடுபட்டது என்பது வட்ட அலுவலகத்தைச் சார்ந்தது. இந்தப் பிரிவினையை அறியாதவர் முதலில் செல்வது கடைக்கு. கடைக்காரரால் அட்டையில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

வருமானம் என்னும் கேள்வி

1997-ல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று குடும்பங்களைப் பிரிக்கும் இலக்கு சார்ந்த பொது விநியோகத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அனைவருக்குமான முறையைத் தொடர்ந்தது. 2000களின் தொடக்கத்தில் மட்டும் இதில் ஒரு விலகல் ஏற்பட்டது. மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்பட்டோரின் அட்டைகளில் ‘எச்’ முத்திரை குத்தப்பட்டு அவர்களுக்கு அரிசி நிறுத்தப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பின் அரசு இதைத் திரும்பப் பெற்றது.

அரிசி விலை 2006-ல் கிலோ 2 ரூபாயாகவும், 2008 செப்டம்பரில் 1 ரூபாயாகவும் குறைக்கப்பட்டது. 2011 ஜூன் 1 முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. அத்திட்டத்தைத் தொடங்கிய முதலமைச்சர் ஜெயலலிதா அப்போது ஸ்ரீரங்கம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர்.

2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தமிழ்நாடு 2016 நவம்பர் 1 அன்று இணைந்தது. அதன்பின் அட்டைகள் முன்னுரிமை, அந்த்யோதயா, முன்னுரிமையற்றவை, சர்க்கரை அட்டை, எப்பொருளுமில்லா அட்டை என வகைப்பட்டன. முன்னுரிமையற்ற அட்டைக்கும் அரிசி தொடர்ந்ததால் வகைப்பாட்டின் உடனடி விளைவு குறைவாக இருந்தது. அந்த்யோதயா அட்டைக்கு மட்டும் மாதம் 35 கிலோ அரிசி உண்டு.

அமெரிக்காவின் உணவு உதவித் திட்டத்தில் விண்ணப்பதாரர் வருமானச் சான்றுகள் அளித்து, அலுவலரின் நேர்காணலுக்கு உட்பட்டு, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தகுதியை மீண்டும் நிறுவ வேண்டும். தமிழ்நாட்டு அட்டைக்கு அத்தகைய நேர்காணல் இல்லை. இங்குள்ள தடை வேறு இடத்தில் இருக்கிறது. குடும்பம் என்பது எது, அது எங்கே வசிக்கிறது என்பதே இங்கு கேள்வி.

விண்ணப்பமும் விசாரணையும்

புதிய அட்டை கோருபவர் பழைய அட்டையிலிருந்து பெயர் நீக்கப்பட்டதற்கான சான்றைப் பெற வேண்டும். திருமணமான பெண்ணின் பெயர் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து நீங்கினால்தான் புகுந்த வீட்டு அட்டையில் சேரும். வேறு வட்டத்திலிருந்து குடிபெயர்ந்தவர் முகவரி மாற்றத்துக்கு மின் கட்டண ரசீது, எரிவாயு இணைப்பு ரசீது, வாடகை ஒப்பந்தம் போன்றவற்றில் ஒன்றைக் காட்ட வேண்டும்.

ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பங்கள் இருந்தால் தனிச் சமையல் உண்டா என்று கள விசாரணையில் பார்க்கப்படும். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்திருந்தால் இரண்டு குடும்பம். ஓர் அடுப்பானால் ஒரு குடும்பம். ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதி, சித்திரை வீதி போன்ற பழைய தெருக்களில் உள்ளது போல் நீண்ட வீடுகளைத் தடுத்துப் பலர் குடியிருக்கும் இடங்களில் இவ்வரையறைக்கு அதிக வேலை உண்டு. வாடகை ஒப்பந்தம் எழுதித் தராத வீட்டுக்காரரிடம் குடியிருப்பவர் நிரூபிக்க இயலாத முகவரியில் வாழ்பவராகிறார்.

2005-ல் வழங்கப்பட்ட அட்டைகள் 2009 வரைக்கும் அச்சிடப்பட்டவை. அதன்பின் ஆண்டுதோறும் உள்தாள் ஒட்டி அவை 2016 வரை நீட்டிக்கப்பட்டன. அக்காலத்தில் அரிசி அட்டை பச்சை நிறத்திலும், சர்க்கரை அட்டை வெள்ளை நிறத்திலும், காவலர் அட்டை காக்கி நிறத்திலும் இருந்தன.

மின்னணு அட்டையும் கைரேகையும்

2017 ஏப்ரல் முதல் ஆதாருடன் இணைந்த மின்னணு அட்டை வழங்கப்பட்டது. விண்ணப்பம் இணையதளத்துக்கு மாறியது. ஆவணச் சரிபார்ப்பு, கள விசாரணை, வட்ட வழங்கல் அலுவலரின் ஒப்புதல் என்ற படிகளை விண்ணப்ப எண்ணைக் கொண்டு அறிய முடிந்தது. வரிசை குறைந்தது, ஆனால் காரணம் விளங்காமல் ‘நிராகரிக்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லைப் பெற்றவர் மீண்டும் வட்ட அலுவலகத்துக்கே வந்தார். கைப்பேசி இல்லாதவர் இ-சேவை மையத்தையோ தனியார் கணினிக் கடையையோ நாடினார்.

2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டத்தில் தமிழ்நாடு இணைந்தபோது கடைகளில் கைரேகைப் பதிவு வந்தது. வேறு மாநிலத் தொழிலாளர்கள் இங்கு பொருள் பெற இது வழி செய்தது. வயதானவர்கள், கல், மண், சுண்ணாம்பு வேலை செய்பவர்கள் ஆகியோரின் ரேகையைக் கருவி ஏற்காத சிக்கலும் இதனுடன் வந்தது. பின்னர் கருவிழிப் பதிவுக் கருவிகள் சேர்க்கப்பட்டன. கடைக்கு வர இயலாதவர் தமக்காக மற்றொருவரை நியமிக்கும் படிவமும் உண்டு.

இதே ஆண்டுகளில் அட்டையின் மதிப்பு உணவைத் தாண்டியது. 2020-ல் பெருந்தொற்றுக் கால நிவாரணம் 1,000 ரூபாயும், 2021-ல் இரு தவணைகளில் 4,000 ரூபாயும் அரிசி அட்டைக்கே அளிக்கப்பட்டன. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையும் குடும்ப அட்டையை அலகாகக் கொண்டது. எனவே அட்டையில் பெயர் இல்லாதவர் இழப்பது அரிசியை மட்டும் அல்ல.

முறையீட்டு வழிகள்

மாநிலம் முழுவதற்குமான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1967. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை வட்டந்தோறும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடத்தப்படுகிறது. பெயர் சேர்த்தல், நீக்கல், முகவரி மாற்றம், கைப்பேசி எண் பதிவு ஆகியவற்றுக்கு அதில் மனு அளிக்கலாம். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு ஏற்கப்படுகிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாநில உணவு ஆணையம் மேல் அமைப்பாக உள்ளது. மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு பெறுவது முக்கியம். விசாரணை தாமதமானால் எந்த நாளில் எந்த மேசைக்கு மனு சென்றது என்பதற்கு அதுவே சான்று.

அட்டை கேட்காத உணவு

அட்டை இன்றி உணவு பெறும் வழிகளும் இவ்வட்டாரத்தில் உண்டு. எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1 அன்று திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் தொடங்கப்பட்டது. மையத்துக்கு வரும் குழந்தையின் வீட்டு வருமானம் அங்கு கேட்கப்படவில்லை. ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயிலில் 2012 செப்டம்பரில் நாள் முழுவதும் அன்னதானம் வழங்கும் திட்டம் தொடங்கியது. பந்தியில் அமர்வதே அங்கு தகுதி.

2025 ஆகஸ்ட் 12 அன்று 70 வயதுக்கு மேற்பட்டோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருட்களை வீட்டுக்கே கொண்டுசெல்லும் திட்டம் தொடங்கப்பட்டது. அதற்குத் ‘தாயுமானவர்’ என்று பெயரிடப்பட்டது. தாய் வர முடியாதபோது அவள் உருவில் வந்து மகளுக்குப் பேறுகாலம் பார்த்ததாகச் சொல்லப்படும் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை இறைவனின் பெயர் அது. நடந்து வர முடியாதவரைத் தேடி அரிசி செல்ல வேண்டும் என்பதை ஏற்ற வகையில், தொலைவைத் தகுதிச் சோதனையாக்கிய பஞ்ச கால நிர்வாகத்துக்கு இது நேர் எதிரானது. அவ்வாறு செல்லும் வண்டியும் அட்டையில் உள்ள பெயரையும் முகவரியையும் கொண்டே வீட்டைக் கண்டடைகிறது. ஆகவே பட்டியலில் ஒருவரைச் சேர்க்கும் வட்ட அலுவலக மேசையே இத்திட்டத்துக்கும் வாசலாக உள்ளது.