பிரெஞ்சிந்தியப் போர் நினைவுச்சின்னம்

முதல் உலகப்போரில் (1914–1918) பிரான்சுக்காகப் போரிட்டு உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களின் நினைவாகப் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் எழுப்பப்பட்ட சின்னம். 1937இல் கட்டப்பட்டு, 1938இல் ஆளுநர் குரொசிச்சியா காலத்தில் திறக்கப்பட்டது. உயர்ந்த வெண்தூண்களின் நடுவே, துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றித் தலைகுனிந்து நிற்கிறார் ஒரு போர்வீரர்.

பின்னணி: பிரெஞ்சு அரசின் 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப்பெயரும் பெற்றனர். அவர்களில் பலர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தனர். 1954 நவம்பர் 1இல் புதுச்சேரியின் ஆட்சி நடைமுறையில் இந்தியாவிடம் வந்தது. இதைச் சட்டப்படி உறுதிசெய்த இந்திய–பிரெஞ்சு ஒப்பந்தம் 1962இல் நடைமுறைக்கு வந்தபின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்தெடுத்த குடும்பங்களும் உண்டு.

நினைவுநாள்: ஆண்டுதோறும் ஜூலை 14 பிரெஞ்சுத் தேசிய நாளில் சின்னம் விளக்கொளியால் அலங்கரிக்கப்படுகிறது, மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்தப்படுகிறது. கடல்கடந்து மாண்ட வீரர்களுக்கு ஊர் செலுத்தும் நன்றிக்கடன் இது.