மானிட்டருக்குள்ளே ஒரு லைடன் ஜாடி

மக்களே, இந்தக் கதை எங்க வீட்டுப் பரண்ல ஆரம்பிச்சு, 1746-ல ஹாலந்துக்குப் போய், திரும்ப எங்க வீட்டுக்கே வருது. கொஞ்சம் நீளம்தான். டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

சித்தப்பா 2003-ல் ஊரில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அது மூடி ரொம்ப வருஷம் ஆச்சு. மிஞ்சினது ஒரு 15 இன்ச் சி.ஆர்.டி. மானிட்டர் மட்டும். பழைய டாஸ் கேம்களை அந்தக் காலத்துத் திரையிலேயே ஆடிப் பார்க்கணும்னு எனக்கு ஒரு கிறுக்கு. பரணில் இருந்து இறக்கி, தூசு தட்டி, பிளக்கைச் சொருகினால் திரைக்கு நடுவில் ஒரே ஒரு படுக்கைக் கோடு. எங்க தெரு டிவி மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டேன். "வெர்டிகல் ஐ.சி. கால்ல ட்ரை சோல்டர் இருக்கும் தம்பி. ஆனா பிளக்கைப் புடுங்கிட்டா அது செத்துப் போச்சுன்னு நெனைக்காதீங்க. டியூப்ல கரண்ட் நிக்கும். எர்த் பண்ணிட்டுக் கைய வைங்க"ன்னார்.

அய்யா எஞ்சினியர் ஆச்சே! ஸ்க்ரூடிரைவர் கம்பியில் ஒரு ஒயரைச் சுற்றி, மறுமுனையைப் பிக்சர் டியூப் முதுகில் ஓடுற பின்னல் கம்பியில் மாட்டி, ஸ்க்ரூடிரைவர் நுனியை அந்த ரப்பர் மூடிக்கு அடியில் விட்டேன். "டிக்". முடிஞ்சது. மூடியைக் கழட்டி ஓரமா போட்டுட்டு, ஒரு கெத்தோட சாப்பிடப் போனேன்.

இருபது நிமிஷம் கழிச்சு வந்து டியூபை நகர்த்த, ஒரு கை ஃபிரேம்ல, இன்னொரு கை விரல் அந்த ஓட்டையில. பளார்! கை தானா பின்னால போய், முழங்கை பீரோவில் இடிச்சது. அதே கை முன்னால போயிருந்தா டியூபோட கழுத்தை உடைச்சிருக்கும். உள்ளே வெற்றிடம். மெல்லிசான கழுத்துக் கண்ணாடி உடைஞ்சு தெறிச்சிருந்தா, என் மூஞ்சிக்கும் அதுக்கும் நடுவில் ஒண்ணரை அடிதான்.

திரும்ப அண்ணனுக்கு போன். "ஒரு தடவைதான் எர்த் பண்ணீங்களா? ரெண்டு மூணு தடவை பண்ணணும் தம்பி. அது திரும்ப ஊறும்."

ஊறும்! கிணத்துல தண்ணி ஊறுற மாதிரி கரண்ட் ஊறுமா? நாலு வருஷம் Q = CV போட்டுத் தேய்ச்ச எனக்கு, கெப்பாசிட்டரைக் காலி பண்ணினா அது காலிதான். ரோஷத்தோட தேட ஆரம்பிச்சதில், கிட்டத்தட்ட முன்னூறு வருஷம் பின்னால போக வேண்டியதாப் போச்சு.

அந்தக் காலத்தில் மின்சாரம்னா கண்ணாடி உருண்டையைச் சுத்த விட்டு, கையால தேய்ச்சு எடுக்கிறதுதான். எடுத்தது அப்பவே ஓடிப் போயிடும். பிடிச்சு வைக்க வழியில்லை. 1745 அக்டோபரில் போமரேனியாவில் (இப்போ அந்த ஊர் போலந்தில் இருக்கு) கிளைஸ்ட் என்கிற பாதிரியார், ஒரு மருந்து பாட்டிலில் ஆணியைச் சொருகி அதுக்கு மின்சாரம் ஏத்தினார். பாட்டிலைக் கையில் பிடிச்சபடி இன்னொரு கையால் ஆணியைத் தொட்டார். தோள்பட்டை வரைக்கும் அடி. அவர் எழுதி அனுப்பினதை வச்சு மத்தவங்களால அதைச் செய்து பார்க்க முடியலை. பாட்டிலைக் கையில பிடிக்கிறதுதான் விஷயமேன்னு அவங்களுக்குப் புரியலை.

அடுத்த சில மாசத்தில் லைடன் நகரத்தில் அதே அடி. பேராசிரியர் முஷன்ப்ரூக்கோட பரிசோதனைக்கூடத்துக்கு குனேயஸ்னு ஒரு வக்கீல் பொழுதுபோக்கா வந்து போவார். அங்கே பார்த்ததைத் தானும் செய்து பார்க்க அவருக்கு ஆசை (எனக்கு ரொம்ப நெருக்கமான ஆள்!). மின்சாரம் ஏத்துற பொருளை, தரையோட தொடர்பில்லாத ஒரு தாங்கியில் வைக்கணும்கிறது அப்போதைய விதி. அது தெரியாம வக்கீல் தண்ணி பாட்டிலைக் கையிலேயே பிடிச்சிட்டார். விதி தெரிஞ்சவங்களுக்குக் கிடைக்காதது, தெரியாதவருக்குக் கிடைச்சது. அவர் கையே கெப்பாசிட்டரோட வெளித்தகடு. உள்ளே இருக்கிற தண்ணி உள்தகடு. நடுவில் கண்ணாடி.

அப்புறம் முஷன்ப்ரூக்கே செய்து பார்த்தார். 1746 ஜனவரியில் பாரிஸுக்கு, ரெயோமூருக்கு எழுதின கடிதத்தில், இதை யாரும் முயற்சி பண்ண வேண்டாம், பிரான்ஸ் ராஜ்ஜியத்தையே கொடுத்தாலும் நான் மறுபடி செய்ய மாட்டேன்கிற அளவுக்குப் புலம்பியிருக்கார். வேண்டாம்னு சொன்னா நம்ம ஆளுங்க கேட்பாங்களா? அதே வருஷம் அபே நொலே, பிரெஞ்சு ராஜா முன்னாடி 180 காவலர்களைக் கைகோத்து நிக்க வச்சு, ஒரே ஜாடியால எல்லாரையும் ஒண்ணா துள்ள வச்சார். லைடன் ஜாடின்னு பேர் வச்சதும் அவர்தான்.

அடுத்து அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின். மின்சாரம் ஜாடிக்குள்ளே எங்கே உட்கார்ந்திருக்குன்னு கேட்டவர். ஏத்தின பாட்டிலின் தண்ணியை இன்னொரு பாட்டிலுக்கு மாத்திப் பார்த்தார். புது பாட்டிலில் ஒண்ணும் இல்லை. பழைய பாட்டிலில் வெறும் புதுத் தண்ணியை ஊத்தினால் ஷாக் அடிக்குது! தண்ணியில் இல்லை, கண்ணாடியில்தான் இருக்குன்னு முடிவுக்கு வந்தார். இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க.

இவ்வளவு தெரிஞ்ச மனுஷர், 1750 டிசம்பர் 23 அன்னிக்கு ரெண்டு பெரிய ஜாடியை வச்சு ஒரு வான்கோழியைக் கொல்லப் பார்த்தார். சுத்தி இருந்தவங்களோட பேச்சு. கவனம் சிதறி, ஒரு கை ஜாடிகளின் மேல்கம்பியில், மறு கை வெளிப்பக்கச் சங்கிலியில். உடம்பு முழுக்க அடி. பெரிய வெளிச்சமும் வெடிச் சத்தமும் வந்ததுன்னு மத்தவங்க சொன்னாங்க. அவருக்கு ரெண்டுமே தெரியலை. இப்படி ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேனேன்னு வெட்கமா இருக்குன்னும் எழுதியிருக்கார். முஷன்ப்ரூக், பிராங்க்ளின், நான், மூணு பேருக்கும் ஒரே கதை: ஒரு கை இங்கே, ஒரு கை அங்கே, நடுவில் நெஞ்சு. (லிஸ்டுல என் பேரையும் சேர்த்தாச்சு, ஹி ஹி.) மெக்கானிக்குகள் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கிட்டு வேலை பார்க்கிறது ஸ்டைலுக்கு இல்லை.

சரி, ஊறுகிற மேட்டருக்கு வருவோம். ஒரு தடவை காலி பண்ணின லைடன் ஜாடி, சும்மா வச்சிருந்தா திரும்பவும் சின்னதா ஒரு பொறி கொடுக்கும். 1854-ல் ஜெர்மனியில் கோல்ராஷ் இதை உட்கார்ந்து அளந்து ஒரு கோட்பாடே எழுதினார். 1873-ல் மேக்ஸ்வெல் தன் புத்தகத்தில் கணக்குப் போட்டார். 1876-ல் ஹாப்கின்சன் கண்ணாடியில் விதவிதமா சோதிச்சார். சுருக்கமா சொன்னா, கண்ணாடி ஒரு மந்தமான ஆள். மேலே அழுத்தம் ரொம்ப நேரம் இருந்தால் உள்ளே இருக்கிற மின்துகள்கள் மெதுவா நகர்ந்து இடம் மாறிடும். ஷார்ட் பண்ணும்போது தகட்டில் இருக்கிறது கண் இமைக்கிற நேரத்தில் போயிடும். உள்ளே நகர்ந்ததோ வந்த வழியே சாவகாசமா திரும்பும். திரும்பத் திரும்ப, தகட்டில் மறுபடி வோல்டேஜ் ஏறும். அண்ணன் சொன்ன 'ஊறும்'தான் இதுக்கு எனக்குத் தெரிஞ்சு சரியான தமிழ்.

1897-ல் ஸ்ட்ராஸ்பர்கில் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் கதிர்க்குழாயைச் செய்தப்போ அவர் பார்க்க நினைச்சது மின்னோட்டத்தோட அலைவடிவத்தை. அது டிவி ஆகி, மானிட்டர் ஆனபோது, டியூபுக்கு உள்ளேயும் வெளியேயும் அக்வாடாக் என்கிற கறுப்பு கிராஃபைட் பூச்சு வந்தது. உள்பூச்சு ஆனோடோட சேர்ந்தது, வெளிப்பூச்சு கிரவுண்டோட. நடுவில் தடிக் கண்ணாடி. இது யாரும் தெரியாம செஞ்சதில்லை. ஆனோட் வோல்டேஜைச் சீராக்க ஒரு கெப்பாசிட்டர் தேவை, டியூபே அதுவாகிடுச்சு. ஆக, பரணில் இருந்து நான் இறக்கினது அசல் லைடன் ஜாடி. அதுவும் சுமார் 25 ஆயிரம் வோல்ட்ல! ரப்பர் மூடி மாட்டியே இருந்திருந்தால் பல மானிட்டர்களில் உள்ளே இருக்கிற ரெசிஸ்டர் வழியா கொஞ்சம் கொஞ்சமா வடியும். நான்தான் மூடியைக் கழட்டி அந்த வழியையும் அடைச்சுட்டேனே.

இப்போ ஒரு கணக்கு. ஜாடிக்கு 2 நானோஃபாரட், 25,000 வோல்ட்னு வச்சா, முக்கால் ஜூல்கூட வராது. நல்ல அறை, ஆனா அறையோட போயிடும். ஆனா அதே பெட்டியில் பவர் சப்ளை பக்கம் குண்டா ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். நம்ம ஊர் 230 வோல்ட் டி.சி. ஆனால் சுமார் 325 வோல்ட். 220 மைக்ரோஃபாரட்னு போட்டால் கிட்டத்தட்ட 11.6 ஜூல், டியூபில் இருக்கிறதை விட 18 மடங்கு. 25 ஆயிரத்தைப் பார்த்து நடுங்கிக்கிட்டு நான் இதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. ஒழுங்கா எடுக்க, ஒயரை வச்சு ஷார்ட் பண்ணாம, ஒரு ரெசிஸ்டர் வழியா வடிச்சு, மீட்டர் வச்சுப் பார்க்கணும். பிளக் சொருகியிருக்கும்போது அந்தப் பக்கத்து மைனஸ்கூட எர்த் கிடையாது; கரண்ட் லைனோட நேரடித் தொடர்பு. இதில் எங்க வீட்டில் யாரோ புண்ணியவான் அந்தப் பிளக்கோட எர்த் பின்னை வேற உடைச்சு வச்சிருந்தார், ரெண்டு ஓட்டை சாக்கெட்டில் நுழையணும்னு.

ஞாயித்துக்கிழமை அண்ணன் நேரில் வந்தார். மூணு தடவை எர்த் பண்ணி, ஒயரை அப்படியே மாட்டி விட்டுட்டு, அப்புறம்தான் உட்கார்ந்தார். வெர்டிகல் ஐ.சி. காலில் ஈயம் வச்சதும் கோடு விரிஞ்சு முழுப்படம் ஆச்சு. "இந்த ஊறுற விஷயத்தை எங்கண்ணே படிச்சீங்க?"ன்னு கேட்டேன்.

"படிக்கிறதா? எங்க பழைய முதலாளி சொன்னது தம்பி. அவருக்கு ஒரு பிளாக் அண்ட் ஒயிட் டிவில அடிச்சுச்சு."