அங்கியும் முகத்திரையும்

பாரிசு மாநகரின் தென் எல்லையை ஒட்டியுள்ள லெ கிரெம்லின்-பிசேத்ர் என்னும் சிற்றூரின் நகரத்தந்தை எழேன் தோமா, 1900 செப்டம்பரில் விந்தையானதோர் ஆணையைப் பிறப்பித்தார். தம் ஊர் எல்லைக்குள் குருக்கள் எவரும் நீண்ட அங்கி அணிந்து நடமாடலாகாது என்பதே அவ்வாணை. இன்று இது நமக்கு நகைப்பைத் தரலாம். ஆனால் அந்நாளைய பிரான்சில் அது தனியொருவரின் கிறுக்கு அன்று. திருச்சபையையும் அரசையும் பிரிக்கும் சட்டம் 1905-இல் விவாதிக்கப்பட்டபோது, ஷார்ல் ஷபேர் என்ற உறுப்பினர் அத்தடையை நாடு முழுவதற்கும் விரிக்கத் திருத்தம் கொணர்ந்தார். அங்கி குருவைப் பிற மனிதரினின்று பிரித்து அடிமையாக்குகிறது; அதைக் களைந்துவிட்டால் அவருடைய அறிவும் விடுதலை பெறும் என்று அவர் வாதாடினார்.

சட்டத்தை அவையில் வழிநடத்திய அரிஸ்தீது பிரியான் குருக்களின் நண்பரல்லர். எனினும் அவரே அத்திருத்தத்தை எதிர்த்தார். விடுதலையின் பெயரால் இயற்றப்படும் சட்டம், மக்கள் உடையை எப்படி வெட்டித் தைக்க வேண்டும் என்று கட்டளையிடுமானால் நகைப்புக்கே இடமாகும். அங்கியைத் தடுத்தால் குருக்களும் தையற்காரர்களும் சேர்ந்து வேறோர் உடையை விரைவில் கண்டுபிடித்துவிடுவர் என்றார். திருத்தம் 184-க்கு எதிராக 391 வாக்குகளால் தோற்றது.

உடையைக் களைந்து ஆளை விடுவித்தல் என்னும் எண்ணமோ அன்றோடு தோற்றுவிடவில்லை. அல்ஜீரியாவில் விடுதலைப் போர் மூண்டிருந்த 1958 மே மாதத்தில், அல்ஜியர்சின் பொதுச் சதுக்கத்தில் முஸ்லிம் பெண்கள் சிலரின் திரை பலர் முன்னிலையில் அகற்றப்பட்டது. பெண் விடுதலையின் விழாவாகவே பிரெஞ்சு ஆட்சியினர் அதை உலகுக்குக் காட்டினர். விளைந்ததோ வேறு. நெடுநாள் முன்பே திரையைத் துறந்திருந்த பெண்களும் எதிர்ப்பின் அடையாளமாக அதை மீண்டும் எடுத்துப் போர்த்திக்கொண்டனர் என்று பிரான்ஸ் ஃபனோன் எழுதியிருக்கிறார். ஆளவந்தோர் பிடுங்கிய துணி கொடியாகிவிடுவது வரலாற்றில் புதிதன்று.

1989-இல் கிரேய் நகரத்துப் பள்ளியில் முக்காடிட்ட மாணவியர் மூவர் விலக்கப்பட்டதும், 2004-இல் அரசுப் பள்ளிகளில் கண்ணைக் கவரும் சமயச் சின்னங்கள் அனைத்தும் தடுக்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை. பெரிய சிலுவையும் அத்தடைக்கு உட்பட்டதே. 2009 சூனில் குடியரசுத் தலைவர் சார்க்கோசி வெர்சாய் அரண்மனையில் பாராளுமன்றத்தாரிடம் உரையாற்றுகையில், பிரெஞ்சு மண்ணில் புர்காவுக்கு வரவேற்பில்லை என அறிவித்தார். அரசின் கணிப்புப்படி அப்போது முகத்திரை அணிந்தோர் ஏறத்தாழ 1,900 பேர். நாட்டின் மக்கள்தொகையோ ஆறரைக் கோடி. இத்துணைச் சிறுபான்மைக்காக இயற்றப்பட்ட சட்டம் 2010 சூலையில் கீழவையில் 335-க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறியது. முஸ்லிம் என்றோ பெண் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. பொது இடத்தில் எவரும் முகத்தை மறைக்கும் உடை அணியலாகாது என்றே அது கூறுகிறது.

மக்கள் மனமும் அவ்வாறே இருந்தது. அவ்வாண்டு ப்யூ ஆய்வு நிறுவனம் வினவியபோது, பிரெஞ்சுக்காரருள் 82 விழுக்காட்டினர் தடையை ஆதரித்தனர். பிரித்தானியாவில் 62 விழுக்காட்டினர். அமெரிக்காவிலோ 65 விழுக்காட்டினர் எதிர்த்தனர். சமயத்தை அரசிடமிருந்து காப்பது அமெரிக்க மரபு. அரசைச் சமயத்திடமிருந்து காப்பது பிரெஞ்சு மரபு. வேறுபாட்டின் வேர் பெரிதும் இங்கேதான் இருக்கிறது என்பேன்.

தடையை ஆதரிப்போரிடம் நியாயமே இல்லை என்று சொல்வதற்கில்லை. அங்கி முகத்தை மறைப்பதில்லை. முகமோ ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் வாயில். கணவனுக்கோ தமையனுக்கோ அஞ்சித் திரையணியும் பெண்ணும் இருக்கக்கூடும். அவ்வாறு கட்டாயப்படுத்துவோருக்கு ஓராண்டுச் சிறையும் 30,000 யூரோ தண்டமும் அதே சட்டத்தில் உண்டு. இப்பிரிவை எவர் குறை கூறுவார்? இடர்ப்பாடு, தானே விரும்பி அணிகிறேன் என்று சொல்லும் பெண்ணிடம் தொடங்குகிறது. அத்தகைய ஒருத்தி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் முறையிட்டாள். 2014 சூலை முதல் நாள் வந்த தீர்ப்பு, பாதுகாப்பு என்ற காரணத்தை இத்தகைய முழுத்தடைக்குப் போதாதென்று தள்ளியது. பெண்கள் தாமே வேண்டுமென்று நிற்கும் ஒன்றைப் பெண்ணுரிமையின் பெயரால் அரசு தடுக்க இயலாது என்றும் உரைத்தது. ஆயினும் 'கூடி வாழ்தல்' என்ற ஒரே காரணத்தால் சட்டத்தை நிலைக்க விட்டது. நீதிபதியர் இருவர் அதனை ஏற்கவில்லை. 2018-இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, வேறு இரு பெண்களின் முறையீட்டில், சமய உரிமை மீறப்பட்டதென மாறான முடிவுக்கு வந்தது. கூடி வாழ்வதற்கென வகுத்த சட்டம், திரையைக் களைய மனமில்லாதவளை வீட்டுக்குள்ளேயே இருத்திவிடக்கூடும் என்பதும் அக்குழுவின் கவலை.

2020 மே 11 முதல், பெருந்தொற்றின் பொருட்டு, பிரான்சின் பொதுப் போக்குவரத்தில் முகக்கவசம் கட்டாயமாயிற்று. 2010-இன் சட்டம் நீக்கப்படவில்லை. உடல்நலத்தின் பொருட்டு முகம் மறைப்பதற்கு அதிலேயே விலக்கு இருந்தது. ஆகவே பாரிசின் சுரங்க இரயிலில் மூக்கையும் வாயையும் மூடாதவருக்கு அப்போது 135 யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. சமயத்தின் பொருட்டு அவற்றை மூடியவளுக்கு 150 யூரோ வரை தண்டம்.