ஜெரால்ட் ஃபோர்டு ஜெயித்திருந்தால்?

1976 நவம்பர் 2. அமெரிக்க அதிபர் தேர்தல். ஒஹையோ மாநிலத்தில் மட்டும் சுமார் 41 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள். அங்கே ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டர் ஜெயித்தது வெறும் 11,116 ஓட்டில். ஹவாயில் அதைவிடக் குறைவு, 7,372. இந்த இரண்டு மாநிலங்களிலும் சேர்த்து ஒரு 9,300 பேர் கடைசி நேரத்தில் மனம் மாறி குடியரசுக் கட்சியின் ஜெரால்ட் ஃபோர்டுக்குக் குத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் மக்கள் ஓட்டை வைத்து நேரடியாக அதிபர் வருவதில்லை. மாநிலத்துக்கு இத்தனை பேர் என்று மொத்தம் 538 தேர்வாளர்கள். 270 கிடைத்தால் நாற்காலி. அன்றைக்குக் கார்ட்டருக்கு 297, ஃபோர்டுக்கு 240. கூட்டிப் பார்த்தால் ஒன்று இடிக்கிறதே என்கிறீர்களா? அந்த ஒன்று ரொனால்ட் ரீகனுக்கு! ரீகன் அந்தத் தேர்தலில் நிற்கவே இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் ஃபோர்டுக்காகத் தேர்வான ஒருவர், தன் ஓட்டை ரீகன் பெயரில் போட்டுவிட்டார். ஒஹையோவின் 25, ஹவாயின் 4, இரண்டையும் ஃபோர்டு பக்கம் மாற்றினால் 269. ஒன்றே ஒன்று குறைகிறது. அந்த மனிதர், தன் ஓட்டில்தான் ஆட்சியே நிற்கிறது என்று தெரிந்திருந்தால் இந்த விளையாட்டில் இறங்கியிருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். 270 ஆகிவிட்டது. ஃபோர்டு அதிபர்.

முதலில் ஃபோர்டு யார் என்று சொல்லிவிட வேண்டும். பலருக்கு அவர் பெயரே கார் கம்பெனியைத்தான் ஞாபகப்படுத்தும். துணை அதிபர் பதவிக்கும் சரி, அதிபர் பதவிக்கும் சரி, தேர்தலில் நிற்காமலேயே வந்து உட்கார்ந்த ஒரே ஆள் அவர். 1973-இல் துணை அதிபர் ஆக்னியூ ஊழல் வழக்கில் சிக்கிப் பதவி விலக, அந்த இடத்துக்கு நிக்சன் ஃபோர்டை நியமித்தார். 1974 ஆகஸ்டில் வாட்டர்கேட் விவகாரத்தில் நிக்சனே போக, ஃபோர்டு அதிபரானார். ஒரே மாதத்தில் நிக்சனுக்கு முழு மன்னிப்பும் கொடுத்தார். அந்த ஒரு கையெழுத்துக்கு மக்கள் அவரை மன்னிக்கவில்லை.

போதாக்குறைக்குச் சொந்தக் கட்சியிலேயே ரீகன் போட்டிக்கு வந்தார். கான்சாஸ் சிட்டி மாநாட்டில் ஃபோர்டுக்கு 1,187, ரீகனுக்கு 1,070. பதவியில் இருக்கும் அதிபரைக் கட்சிக்காரரே அவ்வளவு நெருக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்தக் கோடையில் கருத்துக் கணிப்புகளில் ஃபோர்டு 30 புள்ளிகளுக்கு மேல் பின்தங்கியிருந்தார். அங்கிருந்து எழுந்து வந்து கடைசியில் 2 சதவீத வித்தியாசத்தில்தான் தோற்றார். அக்டோபர் தொலைக்காட்சி விவாதத்தில் கிழக்கு ஐரோப்பா மேல் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று உளறாமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பார் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். 9,300 பேர்தானே!

சரி, ஜெயித்துவிட்டார். அப்புறம்?

முதல் இரண்டு வருடத்தில் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது. காங்கிரஸின் இரு அவைகளிலும் ஜனநாயகக் கட்சிக்கு அசைக்க முடியாத பெரும்பான்மை. ஃபோர்டு இரண்டரை வருட ஆட்சியில் 66 மசோதாக்களைத் திருப்பி அனுப்பியவர். அதே இழுபறி தொடர்ந்திருக்கும். கார்ட்டர் கேம்ப் டேவிட்டில் எகிப்தையும் இஸ்ரேலையும் பதின்மூன்று நாள் உட்கார வைத்துச் செய்த உடன்பாடு நடந்திருக்குமா என்பது சந்தேகம். அது அந்த மனிதரின் பிடிவாதத்தால் நடந்த காரியம்.

உண்மையான கதை 1979-இல்தான் தொடங்குகிறது. அதைப் புரிந்துகொள்ள விலைவாசியைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கப் பணவீக்கம் ஒரே நாளில் வந்ததல்ல. வியட்நாம் போர்ச் செலவு, 1971-இல் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது, 1973-74-இல் கச்சா எண்ணெய் விலை நாலு மடங்கானது, ஃபெடரல் ரிசர்வ் தாராளமாகப் பணத்தை விட்டது... எல்லாம் சேர்ந்த பழைய பாக்கி அது. ஃபோர்டு 1974-இல் பணவீக்கத்தை வீழ்த்துவோம் என்று சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ் அடித்துக் கொடுத்தார். ஊரே சிரித்தது. 1976-இல் பணவீக்கம் 6 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது உண்மைதான். ஆனால் அதற்குப் பேட்ஜ் காரணமில்லை, நடுவில் வந்த மந்தம்தான் காரணம். நோய் உள்ளேயே இருந்தது.

1979-இல் ஈரானில் புரட்சி. எண்ணெய் விலை மறுபடி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. பெட்ரோல் பங்க்குகளில் கார்கள் வரிசை கட்டி நின்றன. 1980-இல் பணவீக்கம் 13.5 சதவீதம். அதை அடக்க, கார்ட்டர் ஃபெடரல் ரிசர்வ் தலைவராக நியமித்த பால் வோல்க்கர் பணத்தை இறுக்க, அந்த வருடக் கடைசியில் வங்கிகளின் பிரைம் வட்டி 21.5 சதவீதம் வரை போனது. வீட்டுக்கடன் வாங்கவோ தொழில் நடத்தவோ யாராலும் முடியவில்லை. போதாததற்கு டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தில் பிணைக்கைதிகள், 52 பேர் 444 நாள்.

இதில் எதை ஃபோர்டால் தடுத்திருக்க முடியும்? ஷாவின் ஆட்சி உள்ளுக்குள் உளுத்துப் போயிருந்தது. வாஷிங்டனில் யார் இருந்தாலும் அது விழுந்திருக்கும். பிணைக்கைதி விவகாரம் வெடித்ததே நோயாளியான ஷாவை சிகிச்சைக்காக அமெரிக்காவுக்குள் விட்டதால். அவரை விடச் சொல்லி கார்ட்டரை நச்சரித்தவர்களில் முக்கியமானவர் ஹென்றி கிஸ்ஸிஞ்சர், ஃபோர்டின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர்! அவர் பதவியிலேயே இருந்திருந்தால் ஷா இன்னும் சீக்கிரம் உள்ளே வந்திருப்பார். கடையை யார் வாங்கியிருந்தாலும் பழைய பாக்கிக்காரர்கள் கதவைத் தட்டியிருப்பார்கள். 1976-இல் கடையை வாங்கியவர் கார்ட்டர். அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது 1980-ஐப் பாருங்கள். ஃபோர்டு மறுபடி நிற்க முடியாது. இன்னொருவரின் பதவிக்காலத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் அதிபராக இருந்தவர் அதன் பிறகு ஒருமுறைதான் தேர்வாகலாம் என்கிறது 22-ஆவது சட்டத்திருத்தம். எனவே குடியரசுக் கட்சிக்குப் புது வேட்பாளர் வேண்டும். துணை அதிபராக இருந்திருக்கக்கூடிய பாப் டோலா, ரீகனா என்று ஒரு சண்டை. ரீகனே ஜெயித்தார் என்று வைத்துக்கொண்டாலும் அவர் கையில் என்ன இருக்கும்? பன்னிரண்டு வருடம் தொடர்ந்து ஆண்ட கட்சி, 13.5 சதவீதப் பணவீக்கம், டெஹ்ரான். நிஜத்தில் 1980 விவாதத்தில் ரீகன் மக்களைப் பார்த்து, நாலு வருடத்துக்கு முன்னால் இருந்ததைவிட நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் கார்ட்டர் காலி. இந்தக் கற்பனை 1980-இல் அதே கேள்வியை ஜனநாயகக் கட்சிக்காரர் கேட்டிருப்பார், ரீகன் பதில் தேடியிருப்பார்.

ரீகன் 44 மாநிலங்களில் ஜெயித்ததைக் கொள்கையின் வெற்றி என்று சொல்வது வழக்கம். குறைந்த வரி, குறைந்த அரசாங்கம், இதையெல்லாம் கேட்டு மக்கள் மனம் மாறினார்கள் என்று. இதில் பாதி உண்மை. 1978-இலேயே கலிஃபோர்னியா மக்கள் சொத்துவரிக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள், அந்த அலை நிஜம். ஆனால் கோபமாக இருக்கிற மக்கள் ஆளுங்கட்சியைத் தூக்குவார்கள், எதிர்க்கட்சி என்ன கொள்கை வைத்திருக்கிறதோ அதற்கு அந்த ஓட்டு வரவு வைக்கப்படும். 1980-இல் வரவு ரீகன் கணக்கில் விழுந்தது. அப்போது அவருக்கு 69 வயது. தோற்றிருந்தால் 1984-இல் 73. அரசியலில் அத்தோடு முடிந்த மாதிரிதான்.

தெற்கு மாநிலங்கள் விஷயம் இன்னும் சுவாரசியம். கார்ட்டர் ஜார்ஜியாக்காரர், ஞாயிறு தவறாமல் பைபிள் வகுப்பு எடுக்கிறவர். 1976-இல் பழைய கூட்டமைப்பு மாநிலங்களில் வர்ஜீனியா தவிர எல்லாமே அவருக்குத்தான். அவர் ஆட்சியில் ஏமாந்த தீவிர கிறிஸ்தவ வாக்காளர்களில் பெரும்பகுதி 1980-இல் ரீகன் பக்கம் சாய்ந்தது. ஃபோர்டு ஜெயித்திருந்தால்? வெள்ளை மாளிகையில் கருக்கலைப்பு உரிமையை வெளிப்படையாக ஆதரித்த பெட்டி ஃபோர்டு இன்னும் நாலு வருடம் இருந்திருப்பார். அந்த வாக்காளர்களின் கோபம் குடியரசுக் கட்சி மேலேயே திரும்பியிருக்கலாம். கறுப்பின மக்களின் உரிமைச் சட்டங்கள் வந்த பிறகு தெற்கின் வெள்ளையர்கள் ஜனநாயகக் கட்சியை விட்டு விலகுவது நின்றிருக்காது. ஆனால் மெதுவாகியிருக்கும்.

உச்ச நீதிமன்றத்தில் 1981-இல் பாட்டர் ஸ்டூவர்ட் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு ரீகன் சான்ட்ரா டே ஓ'கானரை நியமித்தார். இந்தக் கதையில் அந்தப் பேனா வேறொருவர் கையில்.

ஆனால் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். ஃபோர்டு வோல்க்கரை நியமித்திருப்பாரா என்பதே முதல் கேள்வி. ஃபோர்டின் பொருளாதார ஆலோசகர் ஆலன் கிரீன்ஸ்பான். அவரையே உட்கார வைத்திருக்கலாம். யார் உட்கார்ந்தாலும் கசப்பு மருந்தை எப்போதாவது கொடுத்தாக வேண்டும். நிஜத்தில் அந்த மருந்தின் விளைவு ரீகன் ஆட்சியில் தெரிந்தது. 1982 கடைசியில் வேலையில்லாதோர் 10.8 சதவீதம். இந்தக் கற்பனையில் அது 1981-இல் வந்த ஜனநாயகக் கட்சி அதிபரின் தலையில் விழுந்திருக்கும். எட்வர்டு கென்னடியோ, வால்டர் மாண்டேலோ, யாராக இருந்தாலும். அவர் பயந்துபோய் வட்டியைக் குறைக்கச் சொல்லி நெருக்கியிருந்தால் பணவீக்கம் இன்னும் சில வருடம் இழுத்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தால், 1983-இல் பணவீக்கம் 3 சதவீதத்துக்கு இறங்கிய பலன் அவருக்கு. ரீகன் பொறுத்தார். 1984-இல் 49 மாநிலங்கள் ஜெயித்தார். பொறுத்துக்கொள்ளச் சொல்லித் தொழிற்சங்கங்களிடம் பேச வேண்டிய நிலையில் ரீகன் இல்லை, கென்னடி இருந்திருப்பார். இங்கேதான் ஆள் முக்கியமாகிறார். கடன் யார் பெயரில் இருந்தாலும் கடன்தான், அடைக்கிற விதம் ஆளுக்கு ஆள் மாறும்.

ஃபோர்டின் கதை 1976-இல் முடிந்துவிடவும் இல்லை. 1980 ஜூலை, டெட்ராய்ட்டில் குடியரசுக் கட்சி மாநாடு. வேட்பாளர் ரீகன். துணை அதிபராக நிற்க அவர் தரப்பு யாரைக் கேட்டது தெரியுமா? ஃபோர்டை! முன்னாள் அதிபர் துணை அதிபராவதா, அதிகாரத்தை எப்படிப் பிரிப்பது என்று இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசின. ஃபோர்டு பக்கம் பேசியவர்களில் கிஸ்ஸிஞ்சரும் ஒருவர். விஷயம் தொலைக்காட்சியில் அடிபட்டு, நாட்டுக்கு இரண்டு அதிபர்களா என்கிற அளவுக்குப் போனதும் பேச்சு முறிந்தது. நேரமாகிவிட்டது, அறிவித்தாக வேண்டும். அன்றிரவு ரீகன் ஃபோனை எடுத்து, கட்சித் தேர்வில் தன்னை எதிர்த்துத் தோற்ற ஒருவரை அழைத்தார். ஃபோர்டு ஆட்சியில் சிஐஏ இயக்குநராக இருந்தவர், ஜார்ஜ் புஷ். எட்டு வருடம் துணை அதிபராக இருந்த அவர் 1989-இல் அதிபரானார், 2001-இல் அவருடைய மகன்.